பெயர் வளர்ந்த மலை

நெடுங்கல் மலையில் பெயர்கள் வளரத் தொடங்கிய சித்திரை மாதத்தில் ஊருக்கு அதைவிடப் பெரிய கவலைகள் இருந்தன. மூன்று வருடமாக அருவி விழவில்லை, அருவி பார்க்க வந்தவர்கள் பாறையில் காய்ந்து கிடந்த பாசியைப் பார்த்துவிட்டு வனத்துறையைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள், குரங்குகள் கைப்பையின் ஜிப்பைத் திறக்கக் கற்றுக்கொண்டிருந்தன, குடிதண்ணீர் லாரி வாரத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. ஆகவே படிக்கட்டின் மூன்றாம் வளைவில் மாங்காய் விற்கும் செவந்தி, தான் தினமும் சாய்ந்து உட்காரும் பாறையில் விரல் நீளத்துக்கு இருந்த 'சின்னராசு' என்ற பெயர் முழ நீளத்துக்கு வந்துவிட்டது என்று சொன்னபோது, பக்கத்தில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ராக்கம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வெயிலுக்குப் பாறை விரியும்க்கா, பேரும் விரிஞ்சிருக்கும்" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த மலையை அரசாங்கம் பூங்காவாக்கி வெகுகாலம் ஆகிறது. நுழைவாயிலில் ஒரு பலகை உண்டு, அதில் பார்க்க வேண்டியவை எல்லாம் எழுதியிருக்கும்: பாளையக்காரர் காலத்துக் கோட்டை, எந்தக் கோடையிலும் வற்றாத சுனை, துறவிகள் படுத்திருந்த கற்படுக்கைக் குகை, மழைக்கால அருவி. எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த மலைக்கு ஏறுகிற எவரும் பெயரைக் கீறாமல் இறங்குவதில்லை. கோட்டைச் சுவரில், குகையின் கூரையில், கற்றாழை மடலில், சுனைக்குப் போகிற படிகளில் சாவியாலும் ஆணியாலும் கீறிவைத்த பெயர்கள் ஈ மொய்த்த மாதிரி இருக்கும். புதுசாகக் கல்யாணமானவர்கள் மாலை வாடுவதற்குள் ஏறிவந்து இரண்டு பெயரையும் சேர்த்துக் கீறினால் பந்தம் அறுந்துபோகாது என்று ஒரு நம்பிக்கை. அதற்கு ஒரு முறையும் இருந்தது: கீறும்போது வேறு கண் பார்க்கக் கூடாது. உடன் வந்தவர்கள் திரும்பி நிற்பார்கள், எழுதுகிறவர் மட்டும் பாறையோடு தனியாக இருப்பார். எவ்வளவு கூட்டத்திலும் இந்த மரியாதையை யாரும் மீறியதில்லை.

கற்றாழை மடலில் முள்ளால் கீறினால் மடலோடு சேர்ந்து எழுத்தும் வளரும், அது எல்லோருக்கும் தெரிந்தது. கல்லுக்கு அந்தப் புத்தி எப்போது வந்தது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. வெயில் ஏற ஏறப் பெயர்கள் நீண்டன, பொழுது சாய்ந்தால் நின்றன, மறுநாள் வெயிலில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. வைகாசிக்குள் முழ நீளம் ஆள் நீளமானது, ஆள் நீளம் பனை உயரத்தை நோக்கிப் போனது. வனத்துறை சுண்ணாம்பு அடித்தது, எழுத்துகள் சுண்ணாம்பையும் குடித்துக்கொண்டு இன்னும் வெள்ளையாகத் தெரிந்தன. சென்னையிலிருந்து வந்த கல்வெட்டுக்காரர்கள் இரண்டு நாள் நாடாவால் அளந்துவிட்டு, இருநூறு வருடத்துக்கு உட்பட்டது எங்கள் பொறுப்பில் வராது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஆனி பிறந்தபோது, கீழே தார்ச்சாலையில் போகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்தே மலையை வாசிக்க முடிந்தது.

ஊர் என்ன செய்யும்? பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் நம் ஆட்களை மிஞ்ச ஆள் கிடையாது. பெயர் பெரிதாக வந்தவர்கள் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார்கள். போர்வெல் லாரியில் வேலைக்குப் போய்ப் பிணமாகத் திரும்பியவனின் மனைவி, புருஷன் பெயரின் முதல் எழுத்தான 'ப'வுக்குள் ஏறி, அந்தப் பள்ளத்தின் நிழலில் தினமும் சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் பெயர் வேறொரு பெண்ணின் பெயரோடு கோட்டைச் சுவரைத் தாண்டி எழுந்தபோது அவருடைய மனைவி பஸ்ஸை நிறுத்தி இறங்கி, ரோட்டோரத்தில் நின்று இரண்டு முறை வாசித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு கட்சிக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு தலைவர்கள் பெயரைப் புதிதாகக் கீறினார்கள். பழைய பெயருக்கு மாதக்கணக்கு என்றால் புதுப் பெயருக்கு நாட்கணக்குதான் என்பது அப்போதுதான் தெரிந்தது, வாரம் முடிவதற்குள் இரண்டு தலைவர்களும் ஆள் உயரத்துக்கு வந்து தொண்டர்களின் மண்டை உடைந்தது. அதன்பிறகு நுழைவாயிலில் காவலர் காசிராஜன் வருகிறவர்களின் சாவி, ஆணி, ஊக்கு எல்லாவற்றையும் வாங்கிவைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார். விற்கிற பெண்களின் கத்தியை மட்டும் அவர் வாங்கவில்லை, கத்தி இல்லாமல் மாங்காய் எப்படி நறுக்குவது? அரசாங்கம் பலகையில் அருவிக்குக் கீழே 'வளரும் பெயர்கள்' என்று ஒரு வரியைச் சேர்த்தது. பஸ் நிலையத்தில் தூரக்கண்ணாடி வாடகைக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தைப் பார்க்குமுன் மலையைப் பார்த்தார்கள்.

ஆனி மாதக் கடைசியில் அந்தப் பெயர்களால் முதல் சாவு நடந்தது. மேற்கே இரண்டு பஸ் மாறிப்போகிற ஊர்ப்பெண் ஒருத்தியின் பெயர், அவள் வீட்டார் எந்தக் காலத்திலும் வாசலில் நிற்கவிடாத ஒரு வீட்டுப் பையன் பெயரோடு சேர்ந்து, பாறையின் மேற்கு முகத்தில் பளிச்சென்று வந்தது. அவளுடைய அண்ணன்மார் மூன்று பேரும் வந்து பார்த்தார்கள், குளிர்பானம் குடித்தார்கள், மரியாதையாகக் காசிராஜனிடம் வழி கேட்டுக்கொண்டு இறங்கினார்கள். மறுநாள் அந்தப் பெண் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள். அவள் செத்த பிறகும் அவள் பெயர் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

அதன்பிறகு மலையைப் பார்க்கவருகிற கூட்டமே மாறிவிட்டது. குழந்தைகளோடு வந்தவர்கள் குறைந்தார்கள், வெள்ளை வேட்டிகள் கூடின. தெற்கே மலை அடிவாரத்தை ஒட்டியிருந்த வெள்ளையம்பட்டியிலிருந்து பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார்கள். புளியமரத்து நிழலில் துண்டை விரித்து, தயிர்சாதப் பொட்டலங்களை வரிசையாக வைத்து, ஒருவர் தூரக்கண்ணாடி வழியாக உரக்க வாசிக்க மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். தங்கள் ஊர்ப்பெண் பெயர் எதுவும் வரவில்லை என்று தெரிந்தபிறகுதான் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கோயில் காரியம் மாதிரி அதை ஒழுங்காகச் செய்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த எவனுக்கும் அது அசிங்கமாகப் படவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆடி முதல் வாரத்தில் செவந்தியின் மகன் பூவரசன் மூன்றாம் வளைவுக்கு ஏறிவந்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயது, டவுனில் நர்சிங் கல்லூரிக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் வேலை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பூவரசன் என்ற பெயரில் அவன் ஒருத்தன்தான், காய்ச்சல் தலைவலிக்கு மாத்திரை வாங்குகிற எல்லோருக்கும் அவனைத் தெரியும். அப்பா இல்லாத பிள்ளை. அவன் வேலைநாளில் மலைக்கு வந்ததே செவந்திக்குச் சரியாகப் படவில்லை.

"ம்மா, சுனைக்குப் பின்னாடி குகை இருக்குல்ல."

"இருக்கு. அதுக்கென்ன?"

"அதுக்குள்ள என் பேரும் இருக்கு."

செவந்தி மாங்காயை நறுக்கிக்கொண்டே, "எல்லாப் பயலும் கிறுக்குறதுதான். யாரு பேரோட?" என்றாள்.

"கோகிலவாணி."

"எந்தக் கோகிலவாணி?"

"வெள்ளையம்பட்டி."

கத்தி நின்றுவிட்டது. புளியமரத்தடியில் தூரக்கண்ணாடியைப் பிடித்து வாசிக்கிறவரே கோகிலவாணியின் அப்பாதான் என்பது செவந்திக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை அவர் அவளிடம் மாங்காய் வாங்கினார், உப்புத்தூள் கூடக் கேட்டார்.

"எப்படா எழுதுன?"

"போன தை மாசம். அப்ப இதெல்லாம் வளரும்னு யாருக்கும்மா தெரியும்?"

"இப்பவே கிளம்பு. திருப்பூருக்குப் போ, கேரளாவுக்குப் போ, எங்கயாச்சும் போயிரு."

"அவளுக்கு இன்னும் ஒரு பரீட்சை இருக்கு. அதை எழுதிட்டா கையில வேலை. அடுத்த புதன்கிழமைக்கு மறு புதன்கிழமை. அன்னிக்கு ஹால்ல இருந்து அப்பிடியே கிளம்புறதா இருக்கோம்."

"நீ மொதல்ல போடா, அவ பின்னாடி வரட்டும்."

"நான் போயிட்டா அந்த வீட்டுல அவளுக்கு யாரும்மா இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவன் அழுதான். வளர்ந்த மகன் அழுது செவந்தி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அவள் குகைக்குப் போனாள். கற்படுக்கைகளைத் தாண்டி, குனிந்து போகிற இடத்தில் இரண்டு பெயரும் இருந்தன. எழுத்து ஒவ்வொன்றும் அவள் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது, சுவர் போதாமல் கூரைக்கு ஏறி, கூரையிலிருந்து வாசலை நோக்கித் திரும்பியிருந்தது. வாசல் வந்துவிட்டால் தெற்கு முகம், தெற்கு முகத்துக்கு நேரே வெள்ளையம்பட்டி. கல்லுடைக்கிறவரிடம் உளி இரவல் வாங்கி வந்து கொத்தினாள். சில்லு தெறித்தது, தெறித்த இடத்தில் எழுத்து முன்பைவிட ஆழமாக நின்றது. சிமெண்ட் குழைத்துப் பூசினாள், எழுத்து சிமெண்டையும் சேர்த்து எழுந்து நின்றது. கடைசியில் நெற்றியைப் பாறையில் முட்டிக்கொண்டு வளராதே என்று கெஞ்சினாள், கல்லிடம் கெஞ்சி எதையாவது பெற்றவர்கள் இருக்கிறார்களா?

அழித்தால் போகாது, ஆனால் மறைத்துவிடலாமே என்ற யோசனை அவளுக்கு அங்கேதான் வந்தது.

திங்கட்கிழமை கூட்டம் கலைந்து காசிராஜன் விசில் ஊதிய பிறகு, மலையில் விற்கிற பெண்கள் எல்லோரையும் சுனை அம்மன் கல்லுக்கு முன்னால் கூட்டிவைத்தாள். பத்துப் பெண்கள். எல்லோரும் ஒரே காலனி, எல்லோர் வீட்டிலும் மீசை முளைத்த பையன்கள் இருந்தார்கள். அறிவொளி வகுப்பில் செவந்தியோடு உட்கார்ந்து எழுத்துப் படித்தவர்கள்தான் பாதிப் பேர். செவந்தி எதையும் ஒளிக்கவில்லை, உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"நாளைக்குச் செவ்வாக்கிழமை, பார்க்கு லீவு. தெக்குப் பாறையில ஆளுக்கொரு இடத்துல அந்தப் புள்ள பேரை எழுதுங்க. பக்கத்துல உங்க பையன் பேரை எழுதுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வளந்துரும். கொகைக்குள்ள இருக்கிறது வெளிய வந்தாலும் பத்தோட பதினொண்ணாப் போயிரும்."

"எங்க பையன் பேரு எதுக்குக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒரு பையன் பேரு இருந்தா காதல்ம்பான். பத்துப் பையன் பேரு இருந்தா, எவனோ வேலையத்தவன் கிறுக்கிட்டான்னு காறித் துப்பிட்டுப் போயிருவான்" என்றாள் செவந்தி.

"கோவத்துல பத்துப் பேரையும் தேடி வந்தா?" என்று ராக்கம்மா கேட்டாள்.

"பத்துப் பேரைத் தேடுறவன் யாரையும் வெட்ட மாட்டான் ராக்கு. ஒருத்தனைத் தேடுறவன்தான் வெட்டுவான்."

அதைக் கேட்டு ராக்கம்மாதான் முதலில் எழுந்தாள். அவள் மகன் மணிமாறன் பிறந்தபோது அவளுக்கு ஜன்னி கண்டு பால் கட்டிவிட்டது, பூவரசனோடு சேர்த்து மணிமாறனுக்கும் மூன்று மாதம் பால் கொடுத்தவள் செவந்தி. "நான் எழுதுறேன்க்கா. எனக்கு மணிமாறன் வேற பூவரசன் வேறயா?" என்று சொல்லி, அம்மன் கல்லில் கற்பூரம் ஏற்றிக் கையால் அடித்துச் சத்தியம் செய்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வந்து அடித்தார்கள். செவந்தி அத்தனை பேர் காலிலும் விழுந்தாள், அவர்கள் பதறிப்போய் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள்.

மறுநாள் விடிந்ததும் பத்துப் பேரும் மாங்காய்க் கத்தியும் வெள்ளரிக்காய்க் கத்தியுமாக ஏறினார்கள். முறைப்படி ஒருத்தி எழுதும்போது மற்றவள் பார்க்கவில்லை. தெற்குப் பாறை அகலமானது, ஆளுக்கொரு மடிப்பில் போய் மறைந்து, கீறிவிட்டு, முந்தானையால் கல்தூளைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்தார்கள். "எழுதிட்டியா?" என்று ஒருத்தி கேட்க, "எழுதிட்டேன்" என்று மற்றவள் சொன்னாள். செவந்தி கீழே எல்லோருக்கும் சோறு ஆக்கிவைத்திருந்தாள். அந்த வாரம் முழுக்க வெயில் கொளுத்தியது, புதுக் கீறல்கள் அரிசியளவிலிருந்து விரலாகி, விரலிலிருந்து முழமாகி வளர்ந்தன. கீழே நின்று பார்த்தால் பாறையில் வெளுப்பாக ஏதோ அரும்புவது தெரிந்தது, எழுத்து பிடிபடவில்லை. செவந்தி பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளையம்பட்டிக்காரர்கள் வழக்கம்போல வந்தார்கள், துண்டை விரித்தார்கள், பொட்டலங்களை வரிசையாக வைத்தார்கள். கோகிலவாணியின் அப்பா தூரக்கண்ணாடியைத் துடைத்து எடுத்துத் தெற்குப் பாறைக்குத் திருப்பினார். செவந்தி கூடையோடு அவர்களுக்குப் பத்தடி தள்ளித்தான் நின்றாள். எல்லாப் பையன்களின் பெயரும் வாசிக்கப்படுவதையும், அவர்கள் குழம்புவதையும், கடைசியில் காறித் துப்புவதையும் தன் காதால் கேட்டுவிடத்தான் அவள் அங்கே வந்திருந்தாள்.

"பூவரசன்" என்று அவர் வாசித்தார். "கோகிலவாணி."

குரல் அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த கிழவர் கண்ணாடியை வாங்கி அடுத்த மடிப்பைப் பார்த்தார். "பூவரசன் கோகிலவாணி" என்றார். "அங்கிட்டுப் பாருங்க" என்றார் இன்னொருத்தர். அங்கிட்டும் பூவரசன் கோகிலவாணி. மேலே, கீழே, கோட்டைச் சுவருக்கு அடியில், அருவி விழுகிற தடத்தில், வெயிலில் உப்புப் பூத்தது போல வெள்ளையாக, பத்து இடத்திலும் அதே இரண்டு பெயர்தான்.

அவர்கள் பிரிக்காத பொட்டலங்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்கள். கோகிலவாணியின் அப்பா துண்டை எடுத்து உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஒவ்வொருத்தியும் என்ன நினைத்திருப்பாள் என்பது கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமில்லை. கத்தியைக் கல்லில் வைத்த நொடியில் அவளவள் மகனின் முகம் வந்தது. மற்ற ஒன்பது பேர் எழுதத்தான் போகிறார்கள், நான் ஒருத்தி மட்டும் என் பிள்ளை பெயருக்குப் பதிலாக ஏற்கெனவே இருக்கிற பெயரையே எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று பத்துப் பேரும் நினைத்தார்கள். பெயரை மாற்றி வேறு எதையாவது எழுதலாம்தான், எழுதினால் அந்தப் பெயர் யார் வீட்டுப் பிள்ளையாக இருக்குமோ என்று அதற்கும் பயந்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு நாக்கு வருகிறது, திட்டப் போனால் என் பிள்ளையை நினைத்து நாக்கு உள்ளே போகிறது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி சொல்கிறது. செவந்தி ஊட்டித்தான் வளர்த்தாள்.

அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். பஸ் பிடித்து மருந்துக்கடைக்குப் போனபோது பூவரசன் இல்லை, யாரோ போனில் விஷயத்தைச் சொன்னதும் கோகிலவாணியை அழைத்துவர வெள்ளையம்பட்டிக்குப் போய்விட்டான் என்றார்கள். கோகிலவாணியைப் பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள், வயிற்றுவலியில் மருந்தை மாற்றிக் குடித்துவிட்டாள் என்றார்கள், நர்சுக்குப் படித்த பெண் மருந்தை மாற்றிக் குடித்தாள் என்று எழுதிக்கொள்ளப் போலீஸும் இருந்தது. பூவரசனை மறுநாள் ரயில் பாதையில் எடுத்தார்கள். ரயில் வரும்போது பார்க்காமல் கடந்துவிட்டான் என்றார்கள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு செவந்தி ஒருநாள் சுனையைத் தாண்டிக் குகைக்குள் போய்ப் பார்த்தாள். மகன் சாவியால் கீறிய பெயர் கூரையில் ஊர்ந்து வாசலுக்குப் பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை. வெயில் படாத இடத்தில் அந்த வேகத்தில் அது வெளியே வர ஐப்பசி ஆகியிருக்கும். அந்த நேரம் அவர்கள் இருவரும் எங்கோ ஒரு ஊரில் வாடகை வீட்டில் இருந்திருப்பார்கள். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அந்தப் பத்துப் பேராலும் உயிரோடு இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தெற்குப் பாறையின் பத்து ஜோடிப் பெயர்களும் பனை உயரம் தாண்டி, ஒன்றோடொன்று முட்டி, ஒரே பெயராகச் சேர்ந்துவிட்டன. தூரத்து ஊர்களிலிருந்து காதலர்கள் வந்து அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு பெரிய காதல் என்று வியந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஆவணி பிறந்து செவந்தி மறுபடியும் மூன்றாம் வளைவுக்குக் கூடையோடு வந்தபோது மற்றப் பெண்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ராக்கம்மா மட்டும் தூக்குவாளியில் கஞ்சியும் வெங்காயமும் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றாள். செவந்தி வாளியைத் திறந்து, கஞ்சியைக் குடித்து முடித்து, வாளியைக் கழுவி அவளிடம் கொடுத்தாள்.

"மணிமாறன் எப்பிடி இருக்கான்?" என்று கேட்டாள்.

ராக்கம்மா வாளியை மூடினாள். "நல்லாருக்கான்க்கா."

"நல்லாருக்கட்டும்" என்றாள் செவந்தி. அதற்குள் மேலேயிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து மாங்காய் கேட்டார்கள், அவள் கத்தியை எடுத்தாள்.